பூ உதிர்கிறது, விதை காலி, நாற்றெல்லாம் தாயைப் போலவே: சமையல் மூலிகைக் கலப்பில் கோளாறு கண்டறிதல்

மகரந்தம் இட்ட பூ உதிர்ந்துவிட்டால் பெரும்பாலோர் உடனே மகரந்தத்தின் மேல் பழி போடுகிறார்கள். அந்த ஒரே அறிகுறிக்குப் பின்னால் வெயில் இருக்கலாம், பையின் புழுக்கம் இருக்கலாம், இடுக்கி நசுக்கிய சூலகத் தண்டு இருக்கலாம், ஒத்துப்போகாத இனம் இருக்கலாம். உதிர்ந்த பூவைக் கையில் வைத்துக்கொண்டு காரணம் சொல்ல யாராலும் முடியாது. பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு பூக்கள் வேண்டும். ஆகவே கோளாறு வந்த பிறகு தேட வேண்டிய இந்தக் குறிப்பைக் கலப்பு தொடங்கும் முன்பே ஒருமுறை படித்துவிடுங்கள்.

கலப்புச் செய்யும் ஒவ்வொரு பூங்கதிரிலும் நான்கு வகைப் பூக்கள் இருக்கட்டும். வகைக்கு ஒரு நிற நூல் கட்டுங்கள்.

சும்மா விட்ட பூ: பைக்குள் இருக்கும், வேறு எதுவும் செய்வதில்லை.
வெறும் பூ: மகரந்தப்பைகளை நீக்கியாயிற்று, மகரந்தம் இடவில்லை.
சொந்தப் பூ: மகரந்தப்பைகளை நீக்கி, அதே செடியின் வேறொரு பூவிலிருந்து எடுத்த மகரந்தத்தை இட்டது.
கலப்புப் பூ: மகரந்தப்பைகளை நீக்கி, தந்தைச் செடியின் மகரந்தத்தை இட்டது.

முதல் மூன்றிலும் இரண்டிரண்டு பூக்கள் போதும். கலப்புக்குப் பயன்பட வேண்டிய பூக்கள் வீணாகின்றனவே என்று தோன்றும். தோன்றட்டும். கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசியை இந்தப் பூக்களே சொல்லிவிடும்.

பூ இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடுகிறது

முதலில் உதிர்ந்தது எது என்று பாருங்கள். பேசில் என்ற பெயரில் விற்கப்படும் திருநீற்றுப்பச்சை, துளசி, புதினா, தைம், ஆரிகானோ எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் அல்லி இதழ்கள் சேர்க்கை நடந்தாலும் நடக்காவிட்டாலும் விழத்தான் செய்யும். கவனிக்க வேண்டியது புல்லி வட்டத்தை. அது பச்சையாக நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால் உள்ளே விதை வளர்கிறது. காம்போடு மஞ்சளாகி விழுந்தால்தான் தோல்வி. இது தெரியாமல் நன்றாகப் பிடித்த கதிரை வெட்டி எறிந்தவர்கள் உண்டு.

புல்லி வட்டமும் சேர்ந்துதான் விழுகிறது என்றால் நூல்களைப் பாருங்கள்.

நான்கு வகையும் விழுந்திருந்தால் கலப்பைப் பற்றிய கேள்வியே எழவில்லை. செடிக்கே ஏதோ குறை. தொட்டி காய்ந்து நனைந்து காய்ந்திருக்கும், அல்லது உச்சி வெயில் பையைச் சுட்டிருக்கும். பாலித்தீன் பை மாட்டியிருந்தால் வேறு காரணமே தேட வேண்டாம். உள்ளே நீர் கோத்துப் பூஞ்சை பிடித்துவிடும். மெல்லிய வலைத் துணியோ டீத்தூள் பைக்குப் பயன்படும் தாளோ போதும். தேனீயைத் தடுப்பது மட்டுமே பையின் வேலை.

சும்மா விட்ட பூ பிடித்து, சொந்தப் பூவும் கலப்புப் பூவும் விழுந்திருந்தால் குறை கையில் இருக்கிறது, அல்லது நேரத்தில். கையின் குறைக்கு ஒரு நல்ல தீர்வு உண்டு. இந்தக் குடும்பத்தில் மகரந்தத்தாள்கள் அல்லிக் குழாயின் உட்சுவரில் ஒட்டியிருக்கின்றன. எனவே ஊசியால் ஒவ்வொரு மகரந்தப்பையாகக் கிள்ளிக்கொண்டிருக்கத் தேவையில்லை. மறுநாள் விரியப்போகும் மொட்டை, அதாவது புல்லிக்கு வெளியே இதழ் நீட்டிக்கொண்டு இன்னும் மூடியிருக்கும் மொட்டைத் தேர்ந்தெடுங்கள். மாலையில் அதன் இதழ் நுனியை இடுக்கியால் பிடித்து நேராக முன்னோக்கி இழுத்தால் குழாய் மகரந்தத்தாள்களோடு கழன்று வரும். சூலகத் தண்டு மட்டும் நிற்கும். பக்கவாட்டில் இழுத்தால் தண்டும் முறியும். கழன்ற குழாயைப் பிரித்து மகரந்தப்பைகளை எண்ணுங்கள்: திருநீற்றுப்பச்சையிலும் புதினாவிலும் நான்கு, சேஜ் செடியில் இரண்டு. ஒன்று குறைந்தாலும் அந்தப் பூவைக் கிள்ளி எறிந்துவிடலாம்.

நேரத்தின் குறை வேறு மாதிரி. சூலகமுடி பாம்பின் நாக்கைப் போல இரண்டாகப் பிளந்து விரிந்திருந்தால்தான் மகரந்தத்தை ஏற்கும். இரு முனையும் ஒட்டியபடி இருக்கும்போது எவ்வளவு தூள் அப்பினாலும் பயனில்லை. மாலையில் இதழை நீக்கிவிட்டு அடுத்த நாள் காலையிலும் அதற்கடுத்த நாள் காலையிலும் இருமுறை மகரந்தம் இடுவது பாதுகாப்பானது. ஒருமுறை இட்டுவிட்டு நம்பிக்கையோடு காத்திருப்பதைவிட இது பல மடங்கு மேல்.

சொந்தப் பூ பிடித்துக் கலப்புப் பூ மட்டும் விழுந்தால் உங்கள் கை குற்றமற்றது. மிச்சம் இரண்டு காரணங்கள்தாம்: தந்தையின் மகரந்தம் உயிரற்றது, அல்லது இரு செடிகளும் ஒத்துப்போகாதவை. அதே மகரந்தத்தைத் தந்தைச் செடியின் பூவிலேயே இட்டுப் பாருங்கள். அங்கே பிடித்தால் மகரந்தம் நல்லது; சிக்கல் ஒத்துப்போகாமையில். அதைக் 'காலி விதை' பகுதியில் பார்க்கலாம்.

இன்னொரு சிறு விஷயம். திருநீற்றுப்பச்சைக் கதிரில் ஒவ்வொரு அடுக்கிலும் ஆறு பூக்கள், பக்கத்துக்கு மூன்றாக இருக்கும். ஆறையும் வைத்துக்கொண்டு வேலை செய்தால் ஒன்றைத் தொடும்போது மற்றொன்று நசுங்கும். பக்கத்துக்கு ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். ஏற்கெனவே விரிந்த பூக்களையும் கதிரின் இளம் நுனியையும் அதே வேளையில் நீக்கிவிடலாம்.

விதை நிறையப் பிடித்தது. நாற்றெல்லாம் தாயைப் போலவே இருக்கின்றன

வெறும் பூவைப் பாருங்கள். அதில் ஒரு விதையாவது இருந்தால் தன்மகரந்தம் கசிந்திருக்கிறது. நீங்கள் இதழை நீக்குவதற்குள் மகரந்தப்பை வெடித்துவிட்டது, அல்லது பைக்குள் எறும்போ இலைப்பேனோ நடமாடியிருக்கிறது. முதல் காரணம் மிகச் சாதாரணம். காலையில் விரிந்த பூவைக் காலையிலேயே சுத்தம் செய்தால் போதும் என்று நினைப்பவர்கள் திரும்பத் திரும்ப இதில் மாட்டிக்கொள்கிறார்கள். இடுக்கியையும் தூரிகையையும் ஒரு செடியிலிருந்து மறு செடிக்குப் போகும் முன் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாகக் காயவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். ஈர ஆல்கஹால் பட்டாலும் மகரந்தம் செத்துவிடும்.

வெறும் பூக்கள் காலியாக இருந்தும் நாற்றுகள் தாயைப் போலவே இருந்தால் பதற வேண்டாம். கலப்பு உண்மையில் நடந்திருக்கலாம். உங்கள் கண்ணுக்குப் படும் பண்பில் தாய் ஓங்கியிருக்கலாம். இந்தக் குழப்பத்தை முன்கூட்டியே தவிர்க்க முடியும். ஒடுங்கு பண்புள்ள (கலப்பில் மறைந்துவிடும் பண்பு) செடியைத் தாயாகவும் ஓங்கு பண்புள்ளதை (கலப்பில் வெளியே தெரியும் பண்பு) தந்தையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். திருநீற்றுப்பச்சையில் இதற்கு மிக வசதியான அடையாளம் ஊதா நிறம். பச்சை இலைத் தாயின் மேல் ஊதா இலைத் தந்தையின் மகரந்தத்தை இட்டால், உண்மையான கலப்பு நாற்றில் இளம் தண்டிலேயே ஊதாச் சாயல் தெரியும். முழுப் பச்சையாக வருபவை தாய் தனக்குத்தானே பெற்றவை. இரண்டு ஜோடி இலை வருவதற்குள் பிரித்துவிடலாம். தாயையும் தந்தையையும் மாற்றிப்போட்டால் எல்லா நாற்றும் ஊதாவாக வரும். எது கலப்பு, எது தன்மகரந்தம் என்று பிரிக்க வழியே இருக்காது.

ஊதா ரகங்களிலும் ஒரு வில்லங்கம் உண்டு. 1950களில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1962இல் ஆல்-அமெரிக்கா செலெக்ஷன்ஸ் விருது பெற்ற 'டார்க் ஓபல்' தொடங்கி இந்த ரகங்களின் நிறம் நிலையற்றது. ஒரே செடியில் பச்சைத் திட்டுகள் வரும்; சில கிளைகள் முழுப் பச்சையாகவே திரும்பிவிடும். எனவே ஊதாச் செடியில் பச்சைத் திட்டு கண்டவுடன் 'கலப்பு வெற்றி' என்று எழுதிவைக்க வேண்டாம். தந்தையாகத் தேர்ந்தெடுக்கும் செடியும் முழு ஊதாக் கிளையிலிருந்தே மகரந்தம் தருவதாக இருக்கட்டும்.

நிற அடையாளம் கிடைக்காத செடிகளில் இலை ஓரம், தண்டின் மயிர், மணம் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். மணம் தாமதமாகத் தெரியும். நாற்றுப் பருவத்தில் நம்பத் தக்கதல்ல.

கொத்தமல்லியில் மகரந்தப்பையை எடுக்கவே முடியவில்லை

எடுக்க வேண்டாம். பூ அவ்வளவு சிறியது. ஐந்து மகரந்தத்தாள்களையும் பழுதில்லாமல் கிள்ளுவது கண்ணுக்கும் பொறுமைக்கும் கேடு. கொத்தமல்லியின் இயல்பையே பயன்படுத்திக்கொள்ளலாம். இதில் ஆண் பகுதி முதலில் முதிர்கிறது. மகரந்தத்தாள்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து தூளைக் கொட்டிவிட்டு விழுந்த பிறகுதான் இரண்டு சூலகத் தண்டுகளும் நீண்டு விலகி விரிகின்றன. ஆகவே முதலில் பூக்கும் நடுக் குடையை (குடை போல விரியும் பூங்கொத்து) மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் வரும் பக்கக் குடைகளை மொட்டிலேயே கிள்ளிவிடுங்கள். இல்லையென்றால் நடுக் குடை பெண் நிலையில் இருக்கும்போது பக்கக் குடைகள் ஆண் நிலையில் நின்று தூளைக் கொட்டும். குடையின் உட்புறப் பூக்களில் பல வெறும் ஆண் பூக்கள். அவற்றையும் நீக்கிவிட்டு, பெரிய இதழுள்ள வெளிவட்டப் பூக்களைக் காத்துக்கொள்ளுங்கள். மகரந்தத்தாள்கள் எல்லாம் விழுந்ததும் தெளிப்பானால் நீர் அடித்து மிச்சத் தூளைக் கழுவி, காயவிட்டு, தண்டுகள் விரிந்ததும் தந்தையின் மகரந்தத்தை இடலாம்.

இது நூற்றுக்கு நூறு தூய்மையான முறை அல்ல. கொஞ்சம் தன்மகரந்தம் தப்பும். விதையின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டு நாற்றில் பிரிப்பதே நடைமுறை. ஒரு கொத்தமல்லி உருண்டைக்குள் இரண்டு விதைகள் உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஒன்று கலப்பாகவும் மற்றது தன்மகரந்தமாகவும்கூட இருக்கலாம். உருண்டையை இரண்டாகப் பிளந்து தனித்தனிக் குழியில் ஊன்றுங்கள்.

மகரந்தப்பையில் தூளே இல்லை

தைம், ஆரிகானோ, புதினா ஆகியவற்றில் இது நோயல்ல. இவற்றில் இருபால் பூக்கள் கொண்ட செடிகளோடு பெண் பூக்கள் மட்டுமே கொண்ட செடிகளும் இயற்கையாகவே இருக்கின்றன. டார்வின் 1877இல் வெளியிட்ட பூ வடிவங்களைப் பற்றிய நூலில் தைமின் இந்தப் பழக்கத்தை விரிவாகவே எழுதியிருக்கிறார். பெண் செடியின் பூ பெரும்பாலும் சற்றுச் சிறியது. மகரந்தப்பைகள் சுருங்கி, வெளிறி இருக்கும்.

இப்படி ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். மகரந்தப்பை நீக்கும் வேலையே மிச்சம்! அதைத் தாயாக வைத்து, பை மாட்டி, மகரந்தத்தை மட்டும் இட்டால் போதும். பிடித்த விதை எல்லாம் கலப்பு விதைதான். அடுத்த தலைமுறையிலும் பெண் செடிகள் நிறைய வரும் என்பதை மட்டும் எதிர்பார்த்திருங்கள்.

ஆனால் தூளில்லாத செடி எல்லாம் பெண் செடி ஆகாது. நல்ல மகரந்தம் இட்டும் விதை பிடிக்காவிட்டால் அது மலட்டுக் கலப்பினமாக இருக்கக்கூடும்.

விதை பிடித்தது போலத் தெரிகிறது, உள்ளே காலி

இங்கேதான் ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

பெப்பர்மின்ட் புதினாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது நீர்ப்புதினாவும் ஸ்பியர்மின்ட்டும் சேர்ந்து பிறந்த கலப்பினம். நீர்ப்புதினாவுக்கு 96 குரோமோசோம்கள், ஸ்பியர்மின்ட்டுக்கு 48. ஆளுக்குப் பாதியாக 48ம் 24ம் சேர்ந்து பெப்பர்மின்ட்டுக்கு 72. இந்த 72இல் சரியாக ஜோடி சேர முடியாதவை பல. அதனால் அது கிட்டத்தட்ட முழு மலடு. ஓடு தண்டுகளால் மட்டுமே பரவுகிறது. 'பெப்பர்மின்ட் விதை' என்று பொட்டலத்தில் எழுதியிருந்தால் உள்ளே இருப்பது வேறு ஏதோ புதினா. பெப்பர்மின்ட்டைத் தாயாக வைத்துக் கோடைக்காலம் முழுவதும் தூரிகையோடு நிற்பது வீண். அதன் பெற்றோரைப் போன்ற வளமான புதினாக்களிலிருந்து தொடங்குங்கள்.

திருநீற்றுப்பச்சையிலும் இதே கதை. 'ஆஃப்ரிக்கன் ப்ளூ' என்ற அழகான செடி 1983இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு நாற்றுப் பண்ணையில் தானாக முளைத்தது. கற்பூர மணமுள்ள ஆப்பிரிக்க இனம் ஒன்று ஒரு பெற்றோர். மேலே சொன்ன 'டார்க் ஓபல்' மற்றது. ஆண்டு முழுவதும் பூத்துத் தள்ளும். தேனீக்களுக்குக் கொண்டாட்டம், விதை மட்டும் கிடையாது. துளசியையும் திருநீற்றுப்பச்சையையும் கலக்க ஆசைப்படுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: இரண்டும் ஒரே பேரினம், ஆனால் வேறு இனங்கள், குரோமோசோம் எண்ணிக்கையும் வேறு. விதை பிடிப்பதே அரிது; பிடித்தாலும் அந்த வழி அத்தோடு முட்டுச் சந்தில் நின்றுவிட வாய்ப்பு அதிகம். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் அடிச்சாம்பல் நோய் தாங்கும் பேசில் ரகங்களை உருவாக்கியபோது, வேற்றினங்களில் எதிர்ப்புத் திறன் கண்ணெதிரே இருந்தும், அதே இனத்துக்குள் கிடைத்த 'மிரிஹானி' என்ற ரகத்தையே பெற்றோராக எடுத்துக்கொண்டார்கள். ஆய்வுக்கூட வசதி உள்ளவர்களே மலட்டுத்தன்மையோடு மல்லுக்கட்ட விரும்பவில்லை என்றால் நாம் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

காலியா இல்லையா என்று சோதிப்பதிலும் ஏமாற்றம் உண்டு. திருநீற்றுப்பச்சை விதையைத் தண்ணீரில் போட்டால் சப்ஜா விதையாக வழவழவென்று வீங்கும். வீங்கிவிட்டது, எனவே நல்ல விதை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வீங்குவது வெளியுறையின் வேலை. அந்த உறை தாயின் திசு. உள்ளே கரு இருக்கிறதா என்பதை அது சொல்லாது. உலர்ந்த விதையை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நசுங்கிப் பொக்கென்று போனால் காலி. ஒரு பூவுக்கு நான்கு சூல்கள் மட்டுமே இருப்பதால், சொந்தப் பூக்கள் மூன்று நான்கு விதை தரும்போது கலப்புப் பூக்கள் தட்டையான ஒன்று இரண்டு தருகின்றன என்றால் கரு பாதியில் நின்றுவிடுகிறது என்று பொருள்.

செய்யக்கூடியவை மூன்று. முதலில் திசையை மாற்றுங்கள். தாயைத் தந்தையாக்கினால் சில கலப்புகள் பிடிக்கின்றன. இரண்டாவது, அதே இனத்தின் வேறொரு ரகத்தைத் தாயாக்கிப் பாருங்கள். மூன்றாவது, அரைகுறை மலடான கலப்பினம் ஒன்று கிடைத்துவிட்டால் அதைத் தந்தையாக்காமல் தாயாக வைத்து, பெற்றோரில் ஒன்றின் நல்ல மகரந்தத்தை நிறையப் பூக்களில் இட்டுப் பிற்கலப்பு செய்யுங்கள்; மகரந்தம் முழுவதும் பழுதான செடியிலும் சில சூல்கள் நன்றாக இருக்கக்கூடும். கோல்சிசின் கொண்டு குரோமோசோமை இரட்டிப்பாக்கும் முறையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கொடிய நஞ்சு. சமையலறைக்குப் பக்கத்தில் அதற்கு இடமில்லை.

ஒரு பழைய தோட்டத்து நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிடலாம். பெருஞ்சீரகத்தின் பக்கத்தில் கொத்தமல்லி நட்டால் கலந்து சுவை கெடும் என்பார்கள். இரண்டும் வேறு பேரினங்கள், கலக்காது. கலக்கக்கூடிய இரு ரகங்களே பக்கத்தில் நின்றாலும் இந்த ஆண்டின் தழை மாறாது, தழை தாயினுடையது. வேற்று மகரந்தத்தின் விளைவை அந்த விதையிலிருந்து முளைக்கும் செடியில்தான் பார்க்க முடியும்.

இரண்டு செடிகளும் ஒரே நேரத்தில் பூப்பதில்லை

மகரந்தத்தைச் சேமித்துவைக்கலாமே என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். தக்காளிக் குடும்பத்தில் அது நன்றாக நடக்கும். இங்கே அவ்வளவு நம்ப முடியாது. புதினா, திருநீற்றுப்பச்சை, தைம் வகைகளிலும் கொத்தமல்லிக் குடும்பத்திலும் மகரந்தத் துகள் உதிரும்போதே மூன்று செல்களோடு உதிர்கிறது. இப்படிப்பட்ட மகரந்தம் பொதுவாக வேகமாக உயிரிழக்கும். சிலிக்கா ஜெல்லோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஓரிரு நாள் இழுக்கலாம். அதற்குமேல் வைத்திருந்தால் சொந்தப் பூவில் சோதிக்காமல் பயன்படுத்தாதீர்கள்.

விதைப்பைப் பிரிப்பதே சிறந்த வழி. சீக்கிரம் பூக்கும் செடியை இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை விதையுங்கள். திருநீற்றுப்பச்சையில் கதிரைக் கிள்ளினால் பக்கக் கிளைகளிலிருந்து மீண்டும் பூக்கும்; அதனால் முந்துகிற செடியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் போதும். கொத்தமல்லியில் கிள்ளுவது உதவாது. பகல் நீண்டு வெப்பம் கூடினால் அது பூக்கத் துடிக்கும், நாம் சொன்னபடி கேட்காது. 'பெஸ்டோ பெர்பெச்சுவோ' போல ஏறக்குறைய பூக்கவே பூக்காத பேசில் ரகங்களும் உண்டு. இலை எவ்வளவு அழகாக இருந்தாலும் அவற்றைப் பெற்றோர் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

விதை முளைக்கவில்லை

பெரும்பாலும் அவசர அறுவடைதான் காரணம். புல்லி வட்டம் பழுப்பாகி, உள்ளே விதை கருத்த பிறகு எடுக்க வேண்டும். கொட்டிவிடுமோ என்ற பயம் நியாயமானது; அதற்காகவே பையை அறுவடைவரை கழற்றாமல் வைக்கிறோம். விதையைத் தண்ணீரில் கழுவாதீர்கள், வழவழப்பு ஒட்டிக்கொண்டு பூஞ்சை வரும். புதினா, தைம் விதைகளை மண்ணின் மேலேயே தூவி லேசாக அழுத்தினால் போதும். ஆழத்தில் புதைத்தால் மேலே வர அவற்றுக்குத் தெம்பில்லை. திருநீற்றுப்பச்சைக்குக் குளிர்ந்த மண் ஆகாது.

முதல் தலைமுறை எல்லாம் ஒரே மாதிரி, சுவாரசியமே இல்லை

கோளாறு இல்லை. இரு பெற்றோரும் தூய ரகங்களாக இருந்தால் முதல் தலைமுறை அப்படித்தான் வரும். நீங்கள் தேடும் சேர்க்கை இரண்டாம் தலைமுறையில்தான் பிரிந்து வரும். இந்த இடத்தில் தொட்டிகளின் எண்ணிக்கை போதாமல்தான் பலர் தோற்கிறார்கள். ஒரே ஓர் ஒடுங்கு மரபணுவால் வரும் பண்பு நான்கில் ஒரு செடியில் வரும். நான்கு செடி வளர்த்தால் ஒன்று கிடைக்கும் என்பது தப்புக் கணக்கு. குறைந்தது ஒன்றாவது கிடைக்க 95 விழுக்காடு வாய்ப்பு வேண்டுமென்றால் 11 செடிகள் தேவை. இரண்டு ஒடுங்கு பண்புகள் ஒரே செடியில் வேண்டுமானால் 47. மூன்று என்றால் 191. திருநீற்றுப்பச்சையின் மரபுத்தொகுதி நான்மடி, அதாவது குரோமோசோம் தொகுதிகள் நான்கு என்பதால் ஒரே பண்புக்கு இரண்டு ஜோடி மரபணுக்கள் இருக்கக்கூடும். நான்கில் ஒன்று எதிர்பார்த்த இடத்தில் பதினாறில் ஒன்று வந்தால் வியக்க வேண்டாம்.

இடம் இல்லாதவர்களுக்கு ஒரு யோசனை. நாற்றுப் பருவத்திலேயே தெரியும் பண்பை முதலில் தேர்ந்தெடுங்கள். தட்டில் ஐம்பது நாற்றுகளை நெருக்கமாக வளர்த்து, நிறமோ இலை வடிவமோ சரியானவற்றை மட்டும் தொட்டிக்கு மாற்றலாம். மணத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் தலைமுறையே கலவையாக வந்தால் பெற்றோரில் ஒன்றாவது தூயதல்ல. புதினாவில் இது விதி. அந்தச் செடிகளே கலப்பினங்களின் கலப்பினங்கள். அங்கே இரண்டாம் தலைமுறைக்குக் காத்திருக்கவே வேண்டாம். முதல் தலைமுறை நாற்றுகளில் பிடித்ததைத் தேர்ந்தெடுத்துத் துண்டு போட்டு வளர்த்தால் வேலை முடிந்தது.

இரு பெற்றோரின் மணமும் கலப்பில் இல்லை

மணங்கள் வண்ணங்களைப் போலக் குழைவதில்லை. ஒரு மணப்பொருள் உருவாகும் வழியை ஒரு மரபணு திருப்பிவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள பொருள் தோன்றவே தோன்றாது. தைமில் இது தெளிவாக ஆராயப்பட்டிருக்கிறது. தென் பிரான்சின் காட்டுத் தைமில் ஆறு வேதி வகைகள் உண்டு: ஜெரானியால், ஆல்ஃபா டெர்பினியால், துயனால், லினலூல், கார்வக்ரால், தைமால். இந்த வரிசையில் முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைத்துவிடும். சமையலில் நாம் 'தைம் வாசனை' என்று விரும்பும் தைமால் கடைசியில் நிற்கிறது, எல்லாவற்றுக்கும் ஒடுங்கியது. ஆகவே நல்ல தைமால் செடியைப் பூ மணமுள்ள லினலூல் செடியோடு கலந்தால் முதல் தலைமுறை வெறும் பூ மணமாக வந்து ஏமாற்றலாம். தைமால் தொலைந்துவிடவில்லை, அடுத்த தலைமுறையில் சில செடிகளில் திரும்பும். அந்த நாற்றுகளை எறிந்துவிடாமல் விதை எடுங்கள்.

திருநீற்றுப்பச்சையில் லினலூல், சோம்பு மணம் தரும் எஸ்ட்ரகோல், கிராம்பு மணம் தரும் யூஜினால், எலுமிச்சை மணம் தரும் சிட்ரால் ஆகியவற்றின் விகிதம்தான் ரகத்துக்கு ரகம் மாறுகிறது. அந்த விகிதம் இலையின் வயதாலும் பருவத்தாலும் ஊசலாடும். எனவே செடிகளை ஒப்பிடும்போது ஒரே நாள் காலையில், பூப்பதற்கு முன், எல்லாச் செடியிலும் நுனியிலிருந்து மூன்றாவது ஜோடி இலையையே கிள்ளுங்கள். பெயர்ச்சீட்டை மறைத்துவிட்டு, வேறொருவரைக் கொண்டு கலைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். எது நீங்கள் பாடுபட்டு உருவாக்கிய செடி என்று தெரிந்தால் மூக்கு அதற்கே ஓட்டுப் போடும். நான்கைந்து இலைக்குமேல் ஒரே அமர்வில் முகர்ந்தால் எல்லாம் ஒன்றாகத் தெரியத் தொடங்கும், அதோடு நிறுத்திவிடுங்கள்.

தேர்ந்தெடுத்த செடியின் விதை மறுபடி பிரிகிறது

ஒவ்வொரு தன்மகரந்தத் தலைமுறையிலும் கலப்பு நிலை, அதாவது ஜோடியின் இரு மரபணுக்களும் வேறுவேறாக இருக்கும் நிலை, பாதியாகக் குறையும். இரண்டாம் தலைமுறையில் 50 விழுக்காடு, மூன்றில் 25, நான்கில் 12.5, ஐந்தில் 6.25. ஆறாம் தலைமுறைக்கு வரும்போதுதான் ஓரளவு நிலைத்த ரகம் என்று சொல்லலாம். திருநீற்றுப்பச்சையில் பை மாட்டிக் கதிரை அவ்வப்போது லேசாக உலுக்கினாலே தன்மகரந்தச் சேர்க்கை நடக்கும். பை மாட்ட மறந்தால் தேனீ உங்கள் கணக்கை முதலிலிருந்து தொடங்கவைக்கும். விதை வழி வேண்டாதவர்கள் துண்டு போட்டு வைத்துக்கொள்ளட்டும். இளந்தண்டு தண்ணீரிலேயே வேர்விடும்.

நல்ல புதினா ஓராண்டில் மணம் மாறிவிட்டது

செடி மாறியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு, ஆள் மாறியிருக்கும். பக்கத்துத் தொட்டியின் ஓடு தண்டு விளிம்பைத் தாண்டி வந்திருக்கிறது, அல்லது வளமான புதினாவாக இருந்தால் அதன் சொந்த விதை தொட்டிக்குள்ளேயே விழுந்து முளைத்து, வேகமாக வளரும் பிள்ளை தாயை ஓரங்கட்டியிருக்கிறது. தொட்டியைக் கவிழ்த்து, தண்டுகளைப் பிரித்து, ஒவ்வொன்றின் இலையையும் தனித்தனியாக முகர்ந்து பாருங்கள். பழைய மணம் உள்ள ஒரு துண்டாவது ஓரத்தில் கிடைக்கலாம். அதைப் புது மண்ணில் ஊன்றி, தொட்டிகளைத் தரையில் ஒட்டவைக்காமல் இடைவெளிவிட்டு வைத்து, விதை வேண்டாத கதிர்களைப் பூ வாடும் முன் வெட்டிவிடுங்கள். பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். மையெல்லாம் வெயிலில் போய்விடும்.